அழிக்காமல் மீட்பது: வீட்டுக் கணினியில் வைரஸ் நீக்கம் பற்றிய ஓர் ஆய்வு

கிளிவெட்டியில் ஒரு வீட்டுக் கணினிக்குள் வைரஸ் புகுந்தால் முழுக் குடும்பத்தின் அலுவலும் நின்றுபோகிறது. மகளின் உயர்தரக் குறிப்புகள், தம்பி சேர்த்துவைத்த கடந்தகால வினாத்தாள்கள், தகப்பனார் கமநல சேவை நிலையத்துக்கு எழுதிய கடிதங்கள், வெளிநாட்டிலிருக்கும் அண்ணனுக்காக ஸ்கான் செய்த காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், கலியாணப் படங்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் முகநூலும் திறக்கப்படுவதும் அதே பெட்டியில்தான்.

இப்படியான நேரத்தில் ஊரில் இரண்டு ஆலோசனைகள் கிடைக்கும். ஏதாவதொரு அன்ரிவைரஸைப் போட்டு ஓடவிடு என்பது ஒன்று. கடையில் கொடுத்து ஃபோர்மட் அடி என்பது மற்றது. முதலாவது பல வேளை போதாது. இரண்டாவது பல வேளை, காப்பாற்ற வந்த பொருளையே அழித்துவிடுகிறது. எந்தத் தொற்றுக்கு எது பொருந்தும், எந்த ஒழுங்கில் செய்தால் இழப்பு இராது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் வந்தடையும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் ஆவணங்களைக் காக்க வேண்டும். அடுத்து இயந்திரத்தைச் சுத்தமாக்க வேண்டும். கடைசியாகக் கணக்குகளை மீட்க வேண்டும். இந்த மூன்றும் முடிந்தால்தான் வைரஸ் நீங்கியது என்று சொல்லலாம்.

ஏன் கிளிவெட்டியிலிருந்து இந்தக் கேள்வி

கிளிவெட்டி திருகோணமலை மாவட்டத்தின் மூதூர் பிரதேச செயலகப் பிரிவில், நெல்வயல்களுக்கு நடுவே உள்ள ஊர். திருகோணமலை நகரத்துக்கும் மூதூர்ப் பக்கத்துக்கும் இடையில் கொட்டியாரக் குடா கிடக்கிறது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை கரையோர வீதியால் திருகோணமலை போகிறவர்கள் பாதை எனப்படும் படகுக்குக் காத்துநின்றார்கள். இன்று வீதி நன்றாக இருக்கிறது. ஆனாலும் கணினித் திருத்தம் நன்கு தெரிந்த ஒருவரைத் தேடிப் போவது ஒரு நாள் வேலைதான். ஆகவே முதல் நடவடிக்கையை வீட்டிலிருப்பவரே எடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணம் இதைவிட ஆழமானது. 2006 இல் சம்பூர், மூதூர் கிழக்குப் பகுதிகளிலிருந்து போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல ஆண்டுகள் கிளிவெட்டி முகாமில் வாழ்ந்தன. அடையாள அட்டையும் உறுதியும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் இல்லாமல் ஓர் அலுவலகத்தின் வாசலில் நிற்பது எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்து மக்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அத்தனை பாடுபட்டு மறுபடி எடுத்த பத்திரங்களின் பிரதிகள்தான் இப்போது வீட்டுக் கணினிகளில் கிடக்கின்றன. அவற்றை யோசிக்காமல் அழிக்கும் எந்த வைத்தியமும் இங்கே வைத்தியமாகாது.

நாற்பது ஆண்டுகளில் மாறிய எதிரி

நாம் பொதுவாக வைரஸ் என்று சொல்வதற்குள் பல வகை இருக்கின்றன. அவை வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிந்தால்தான், பழைய வைத்தியங்கள் ஏன் இன்று பலிக்கவில்லை என்பது விளங்கும்.

ஐபிஎம் தனிநபர் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் என்று பொதுவாகக் கருதப்படும் 'பிரெய்ன்', 1986 இல் பாகிஸ்தானின் லாகூரில் பிறந்தது. அதை எழுதிய பாசித், அம்ஜத் ஃபரூக் அல்வி சகோதரர்கள் தங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அதற்குள்ளேயே எழுதிவைத்திருந்தார்கள். நெகிழ்தட்டில் ஏறி ஊர் ஊராகப் போன வைரஸ் அது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' மின்னஞ்சல் இணைப்பில் ஏறி, சில மணித்தியாலங்களில் உலகைச் சுற்றியது. 2008 நவம்பரில் தலைகாட்டிய 'கொன்ஃபிக்கர்' வலையமைப்பு வழியாகவும் பென் ட்ரைவ் வழியாகவும் பல இலட்சம் கணினிகளைப் பிடித்தது. பென் ட்ரைவைச் செருகியதும் நிரலைத் தானாக ஓடவிடும் வசதியே இரண்டாவது வழிக்கு வாசலாக இருந்தது. மைக்ரோசொஃப்ட் 2011 பெப்ரவரியில் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் அந்த வாசலை அடைத்தது.

2017 மே 12 இல் வெடித்த 'வொன்னாக்ரை' 150 வரையான நாடுகளில் கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டொலர் கப்பம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசொஃப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் 14 இல், வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்ட கணினிகள் தப்பின.

இன்று வீட்டுக் கணினிக்கு வருவதில் மிகப் பொல்லாதது சத்தம் போடாத வகை. தகவல் திருடிகள் எனப்படும் இந்த மென்பொருட்கள் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும், கணக்குகள் திறந்திருப்பதற்கான அடையாளக் கோப்புகளையும் அள்ளிக்கொண்டு சில நிமிடங்களில் போய்விடும். இவற்றுள் ஒன்றான 'லுமா' பற்றி 2025 மே மாதம் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட தகவலின்படி, அதற்கு முந்திய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் அது காணப்பட்டது. பழைய வைரஸ் கணினியைக் கெடுத்தது. புதியது கணினியை நன்றாக ஓடவிட்டு, அதன் சொந்தக்காரரைக் கெடுக்கிறது. அதனால் கணினி மெதுவாக ஓடவில்லையே, வைரஸ் இராது என்ற நம்பிக்கைக்கு இன்று இடமில்லை.

வீட்டுக்குள் வரும் வழிகள்

நமது பக்கத்தில் தொற்று வரும் பெருவழிகள் மூன்று.

முதலாவது பென் ட்ரைவ். ரியூசன் வகுப்பில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும் வினாத்தாள்களும், அச்செடுக்கக் கொமியூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோகும் ஒப்படைகளும் அதில்தான் பயணிக்கின்றன. ஒரு நாளில் பல பென் ட்ரைவ்கள் செருகப்படும் கடைக் கணினியில் தொற்று இருந்தால், அங்கே போன ஒவ்வொன்றும் அதைச் சுமந்து வீட்டுக்கு வரும். தானாக ஓடும் வாசல் அடைபட்டபின் வைரஸ் எழுதுவோர் வேறு உபாயம் கண்டார்கள். அதைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். பென் ட்ரைவைத் திறந்தால் "ஒப்படை" என்ற உங்கள் கோப்புறை வழமைபோலத் தெரிகிறது. ஆனால் மஞ்சள் படத்தின் இடது கீழ் மூலையில் ஒரு சின்ன வளைந்த அம்புக்குறி. வலது பொத்தானை அழுத்தி விவரம் பார்த்தால் அளவு 1 அல்லது 2 கிலோபைட். பென் ட்ரைவிலோ பல மெகாபைட் நிரம்பியிருப்பதாகக் காட்டுகிறது. உண்மையான கோப்புறையை வைரஸ் மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு குறுக்குவழியை வைத்திருக்கிறது. அதை இரண்டு முறை அழுத்தினால் கோப்புறை திறக்கும். கூடவே வைரஸும் ஓடும். அம்புக்குறியைக் கண்டவுடன் கையை எடுத்தால் போதும். பாடங்கள் அழியவில்லை, மறைந்துதான் இருக்கின்றன. மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட கணினிக் கோப்புகளையும் காட்டும்படி விண்டோஸில் மாற்றினால் வெளியே வந்துவிடும்.

இரண்டாவது, கிராக் செய்த மென்பொருள். வீட்டுக் கணினிகளில் ஓடும் விண்டோஸும் ஒஃபிஸும் பல வேளை காசு கொடுத்து வாங்கப்பட்டவை அல்ல. அவற்றைச் செயற்படுத்தும் கருவியை இறக்குமுன் "பாதுகாப்பு மென்பொருளை நிறுத்துங்கள்" என்று ஓர் அறிவுறுத்தல் வரும். நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். கேஎம்எஸ் பிக்கோ என்ற பிரபலமான கருவியின் பெயரில் உலவிய போலி நிறுவிகளுக்குள் 'கிரிப்ட்பொட்' என்ற தகவல் திருடி இருந்ததை 2021 இல் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனமான ரெட் கனேரி எடுத்துக்காட்டியது. பாமினி எழுத்துரு, எழுத்துரு மாற்றி, படம் வெட்டும் மென்பொருள் என்று எதை இணையத்தில் தேடினாலும் இதே ஆபத்து உண்டு. பக்கம் முழுவதும் "பதிவிறக்கு" என்று பெரிய பொத்தான்கள் இருக்கும். அவற்றில் எது உண்மையானது என்று பழகியவருக்கும் தடுமாறும். தமிழ்த் தட்டச்சுக்கு விண்டோஸுக்குள்ளேயே விசைப்பலகை இருக்கிறது என்பதைப் பலர் அறியாததும் இதற்கு ஒரு காரணம்.

மூன்றாவது, ஏமாற்றுச் செய்தி. பொதி வந்திருக்கிறது, வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது, வேலைக்குத் தெரிவாகியிருக்கிறீர்கள் என்ற மின்னஞ்சல்களும் வட்ஸ்அப் இணைப்புகளும் இதில் சேரும். "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று திரையின் மூலையில் அடிக்கடி வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை ஏதோ ஓர் இணையத்தளத்துக்கு உலாவியில் நாம் கொடுத்த அறிவித்தல் அனுமதியால் வருபவை. உலாவியின் அமைப்பில் அந்த அனுமதியை எடுத்துவிட்டால் அவை நின்றுவிடும். அவற்றுக்குப் பயந்து எதையும் இறக்கினால்தான் உண்மையான தொற்று ஆரம்பிக்கும்.

முதல் மணித்தியாலம்

சந்தேகம் வந்தவுடன் என்ன செய்கிறோம் என்பதே பின்னால் வரும் இழப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. உலாவியின் முதற்பக்கம் தானாக மாறுவது, விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருள் திறக்க மறுப்பது, கோப்புப் பெயர்களின் இறுதியில் புதிய எழுத்துகள் ஒட்டிக்கொள்வது, நீங்கள் அனுப்பாத செய்திகள் நண்பர்களுக்குப் போவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

உடனே இணையத்தைத் துண்டியுங்கள். டொங்கிள் என்றால் கழற்றுங்கள், ரவுட்டர் என்றால் வைஃபையை நிறுத்துங்கள். திருடியது வெளியே போகாமலும், தாக்குபவர் உள்ளே கட்டளையிடாமலும் இருக்க இதுவே விரைவான வழி. அந்தக் கணினியில் எந்தக் கணக்கையும் திறக்க வேண்டாம், கடவுச்சொல் மாற்றவும் வேண்டாம். புதிய கடவுச்சொல்லும் அப்படியே களவு போகலாம். பிரதியெடுக்கும் அவசரத்தில், ஏற்கெனவே நல்ல பிரதிகள் உள்ள வெளி வன்தட்டைச் செருகவும் வேண்டாம். திரையில் வரும் செய்தியைக் கைபேசியால் படமெடுத்து வையுங்கள். எந்த வகைத் தொற்று என்று அறிய அது உதவும். கோப்புகள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் யோசிக்க நேரமில்லை. மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை நிறுத்துங்கள். பூட்டப்படாத கோப்புகளாவது மிஞ்சும்.

துப்புரவா, மீள்நிறுவலா

இனி விவாதத்தின் மையத்துக்கு வருவோம். கணினித் துறையில் இது குறித்து நீண்ட காலமாக இரண்டு நிலைப்பாடுகள் உண்டு. நல்ல கருவிகளால் தொற்றைத் தேடி நீக்கினால் போதும் என்பது ஒன்று. ஒருமுறை அந்நிய நிரல் முழு அதிகாரத்துடன் ஓடிய கணினியை இனி நம்ப முடியாது, முற்றாக அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவவேண்டும் என்பது மற்றது.

இரண்டாம் நிலைப்பாட்டுக்குக் கோட்பாட்டு வலு இருக்கிறது. 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர் ஃப்ரெட் கோஹன், எல்லா வைரஸையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் ஒரு நிரல் இருக்கவே முடியாது என்று கணித அடிப்படையில் காட்டினார். எந்த அன்ரிவைரஸ் "எதுவும் இல்லை" என்று சொன்னாலும், "எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை" என்பதே அதன் கருத்து. வைரஸ் கோப்பை அழித்த பின்னும், கணினி தொடங்கும்போது அதைத் திரும்ப அழைக்கும் ஏற்பாடுகள் பல இடங்களில் மிஞ்சலாம். தொடக்கப் பட்டியல், நேர அட்டவணைப் பணிகள், சேவைகள், உலாவி நீட்சிகள் என்று அவை பரந்திருக்கும். வயலில் கோரையைப் பிடுங்குகிறவர்களுக்கு இது புரியும். மேலே இலை போய்விடும், கிழங்கு மண்ணுக்குள் இருந்தால் அடுத்த மழைக்கு முளைத்துவிடும்.

ஆனால் முதல் நிலைப்பாட்டை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. வீட்டுக்கு வரும் தொற்றுகளில் பல சாதாரணமானவை: விளம்பரம் காட்டும் மென்பொருள், உலாவியைத் திசைதிருப்பும் நீட்சி, பென் ட்ரைவ் குறுக்குவழி வைரஸ். இவற்றுக்கு ஃபோர்மட் அடிப்பது தேவையற்ற இழப்பு. அதைவிட முக்கியமாக, மீள்நிறுவல் பாதுகாப்பானது என்ற வாதம் ஒரு நிபந்தனையில் தங்கியிருக்கிறது. புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் தூய மூலத்திலிருந்து வரவேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் நடப்பது வேறு. கடையில் இருக்கும் பழைய பென் ட்ரைவிலிருந்து, யாரோ கிராக் செய்த பிரதி நிறுவப்படுகிறது. டிஃபெண்டர் நிறுத்தப்பட்டு, இற்றைப்படுத்தல் முடக்கப்பட்ட நிலையில் கணினி வீட்டுக்குத் திரும்புகிறது. சில மாதங்களில் மறுபடி தொற்று, மறுபடி ஃபோர்மட். பணமும் போகிறது, ஆவணங்களும் போகின்றன, வைரஸ் மட்டும் போகவில்லை. இந்தச் சுழற்சியே நமது பக்கத்தின் மிகப் பெரிய பிரச்சினை என்று நான் கருதுகிறேன்.

ஆகவே எந்தத் தொற்று என்பதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். விளம்பர மென்பொருளுக்கும் குறுக்குவழி வைரஸுக்கும் துப்புரவு போதும். தகவல் திருடி, தொலைவிலிருந்து கணினியை ஆளும் மென்பொருள், கப்ப மென்பொருள் என்று தெரியவந்தால், அல்லது துப்புரவு செய்த பின்னும் அறிகுறி திரும்பினால், மீள்நிறுவலே சரி. இரண்டில் எதைச் செய்வதானாலும் ஆவணங்களை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும்.

செய்முறை

ஆவணங்களை எடுக்க மிகவும் பாதுகாப்பான வழி, தொற்றிய விண்டோஸை எழுப்பாமலே வன்தட்டைத் திறப்பது. வேறொரு நல்ல கணினியில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை ஒரு பென் ட்ரைவில் ஏற்றி, பழுதான கணினியை அதிலிருந்து தொடங்கலாம். அப்போது விண்டோஸ் வைரஸ் உறங்கிக் கிடக்கும், கோப்புகள் தெரியும். ஆவணங்கள், படங்கள், காணொளிகளை மட்டும் வேறொரு வெற்றுத் தட்டுக்கு எடுங்கள். நிறுவிகள், விளையாட்டுகள், எந்த வகையென்று தெரியாத கோப்புகளை விட்டுவிடுங்கள். வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் மீட்புக் குறியீடு தேவைப்படும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது துப்புரவு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது; காசு கொடுத்து வேறொன்று வாங்குவது கட்டாயமில்லை. ஒரே நேரத்தில் இரண்டு அன்ரிவைரஸ்களை முழுநேரக் காவலுக்கு வைப்பது கணினியை முடக்கும். டிஃபெண்டரில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி, விண்டோஸுக்கு வெளியே நடக்கும் பரிசோதனை. விண்டோஸ் பாதுகாப்புச் செயலியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்குள் பரிசோதனைத் தெரிவுகளுக்குப் போனால் கடைசியில் அது இருக்கும். தெரிவு செய்ததும் கணினி மீளத் தொடங்கி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்னரே சுமார் 15 நிமிடம் தேடும். ஓடிக்கொண்டிருக்கும்போது தன்னை மறைத்துக்கொள்ளும் வைரஸ், ஓடாத நேரத்தில் அகப்பட்டுவிடும். பரிசோதனைக்கு முன் வைரஸ் தரவுகளை இற்றைப்படுத்த வேண்டியிருந்தால், அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் இணையத்தை இணையுங்கள்.

இன்னொரு கருவியாலும் சரிபார்க்க மைக்ரோசொஃப்ட்டின் இலவசப் பாதுகாப்பு ஸ்கானரையோ மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பையோ பாவிக்கலாம். முன்னையது பதிவிறக்கி 10 நாளில் காலாவதியாகும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும். எதையும் அதைத் தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். பரிசோதனை முடிந்தபின் உலாவியில் நீங்கள் சேர்க்காத நீட்சிகளையும், செயலிப் பட்டியலில் அறியாத பெயர்களையும் நீக்குங்கள். இணையத் தொடர்பை வேறு வழியால் திருப்பும் ப்ரொக்சி அமைப்பு தானாக இயக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீள்நிறுவல்தான் வழி என்றால் மைக்ரோசொஃப்ட்டின் தளத்திலிருந்து நிறுவல் கருவியை இறக்கி, தொற்றில்லாத கணினியில் வைத்து, 8 ஜிகாபைட் பென் ட்ரைவில் ஏற்றுங்கள். இறக்கும் அளவு சில ஜிகாபைட் ஆகும். வீட்டு இணையப் பொதி போதாவிட்டால் பாடசாலையிலோ உறவினர் வீட்டிலோ இறக்கலாம். நிறுவும்போது பழைய பகுதிகளை முற்றாக நீக்கிவிட்டு நிறுவ வேண்டும். கணினி வாங்கும்போதே உரிமத்துடன் விண்டோஸ் வந்திருந்தால், புதிய நிறுவல் பெரும்பாலும் அதைத் தானாகவே அறிந்துகொள்ளும். பலர் தங்களிடம் உள்ள உண்மையான உரிமத்தை அறியாமலே கிராக் பிரதியைப் போட்டுக்கொள்கிறார்கள். முடிந்ததும் முதல் வேலை இற்றைப்படுத்தல். மீட்ட ஆவணங்களை டிஃபெண்டரால் சோதித்த பிறகே உள்ளே விடுங்கள்.

கப்பம் கேட்கும் மென்பொருள்

வீட்டுப் பாவனையாளரை அதிகம் தாக்கிய கப்ப மென்பொருள் குடும்பங்களில் 'ஸ்டொப்' அல்லது 'டிஜேவு' முக்கியமானது. கிராக் மென்பொருள் தளங்களே அதன் பிரதான வழி. பூட்டும் வேலை நடக்கும்போது திரையில் போலியான விண்டோஸ் இற்றைப்படுத்தல் சாளரம் ஓடும். பார்ப்பவர் பொறுமையாகக் காத்திருப்பார். பின்னர் 980 டொலர் கேட்டு, 72 மணித்தியாலத்துக்குள் என்றால் 490 டொலர் என்று எழுதியிருக்கும். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் அந்தக் குறைந்த தொகையே ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபா. கொடுத்தாலும் கோப்பு திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை.

கொடுக்காமல் மீட்கும் வாய்ப்பும் உண்டு. 2019 ஒக்டோபரில் எம்சிசொஃப்ட் நிறுவனம் இதன் பழைய வகைகள் பலவற்றுக்கு இலவச மீட்புக் கருவியை வெளியிட்டது. புதிய வகைகளிலும், பூட்டப்படும் நேரத்தில் இணையத் தொடர்பு இல்லாமல் பொதுச் சாவி பாவிக்கப்பட்டிருந்தால் மீட்பு சில வேளை சாத்தியம். இந்த மென்பொருள் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் வரையே பூட்டுவதால், பெரிய காணொளிகளைப் பழுதுபார்த்து எடுக்கவும் முடிகிறது. நெதர்லாந்துப் பொலிஸ், யூரோபோல், இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' திட்டத்தின் தளத்தில் பூட்டிய ஒரு கோப்பை ஏற்றினால், மீட்புக் கருவி உண்டா என்று சொல்லும். இன்று இல்லாவிட்டாலும் பின்னர் வரக்கூடும். ஆகவே பூட்டிய கோப்புகளை அழிக்காமல் ஒரு தட்டில் வைத்திருங்கள். கடையில் உடனே ஃபோர்மட் அடித்துவிட்டால் இந்த வாய்ப்பும் போய்விடும்.

பிரதி இல்லாத இடத்தில் எந்தக் கருவியும் முழுதாகக் கைகொடுக்காது என்பதற்கு நமது நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. 2023 ஓகஸ்ட் 26 இல் இலங்கை அரசாங்க மேகக் கணினிக் கட்டமைப்பைக் கப்ப மென்பொருள் தாக்கியது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடங்கும். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் போயின. வலையமைப்புக்கு வெளியே வைத்த பிரதி அந்தக் காலப்பகுதிக்கு இருக்கவில்லை. மின்னஞ்சல் மென்பொருளோ 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. பணமும் நிபுணர்களும் உள்ள அரசாங்கத்துக்கே இது நேர்ந்தது. மூன்று பிரதி, இரண்டு வகைத் தட்டு, ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது துறையினர் சொல்லும் விதி. ஒரு வெளித் தட்டை மாதம் ஒருமுறை செருகிப் பிரதியெடுத்துக் கழற்றி அலுமாரியில் வைப்பதும், முக்கிய பத்திரங்களை மேகச் சேமிப்பில் போடுவதும் ஒரு வீட்டுக்குப் போதும். கழற்றி வைப்பதுதான் இதில் உயிர்நாடி. செருகியே இருக்கும் தட்டையும் கப்ப மென்பொருள் சேர்த்தே பூட்டிவிடும்.

கணக்குகளை மீட்பது

இயந்திரம் சுத்தமானவுடன் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தகவல் திருடி வந்திருந்தால் அங்கேதான் வேலை தொடங்குகிறது. சுத்தமான கைபேசியிலோ வேறொரு கணினியிலோ இருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் மீட்பு வழி அதுதான். பிறகு வங்கி, முகநூல், வட்ஸ்அப் என்று போகலாம். ஒவ்வொன்றிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் கட்டளையைக் கொடுங்கள். திருடப்பட்ட அடையாளக் கோப்பு இருந்தால் கடவுச்சொல் இல்லாமலே ஒருவர் உள்ளே இருக்க முடியும். இந்தக் கட்டளையே அவரை வெளியேற்றும். மின்னஞ்சலில் உங்களுக்குத் தெரியாத மீட்பு இலக்கமோ, கடிதங்களை வேறெங்கோ அனுப்பும் ஏற்பாடோ இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டை உறுதிப்படுத்தலை இயக்குங்கள். வங்கி விடயத்தில் சந்தேகம் இருந்தால் அன்றே கிளைக்கு அறிவியுங்கள்.

கடையும் சட்டமும் உதவியும்

எல்லாரும் எல்லாவற்றையும் வீட்டில் செய்ய முடியாது. கடைக்குப் போவதில் தவறில்லை. கேட்டுக்கொண்டு போக வேண்டும். ஃபோர்மட் அடிக்க முன் என் ஆவணங்களை எடுத்துத் தருவீர்களா? எந்த விண்டோஸ் போடுகிறீர்கள், எங்கிருந்து? டிஃபெண்டரும் இற்றைப்படுத்தலும் இயங்கும் நிலையில் தருவீர்களா? நல்ல திருத்துநர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். குடும்பப் படங்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் படங்கள், கணினியில் இருந்தால் முதலில் வேறு தட்டுக்கு எடுத்துவிட்டுக் கொடுங்கள். முடியாவிட்டால் வேலை முடியும் வரை பக்கத்தில் இருங்கள்.

அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதும் தகவலை எடுப்பதும் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். 2006 இல் நிறுவப்பட்ட இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவுக்கு 101 என்ற இலக்கத்தில் முறையிடலாம். படங்கள் வெளியாகி மிரட்டல் வந்தால், எல்கே டொமைன் பதிவகம் நடத்தும் ஹிதவதி சேவை மூன்று மொழிகளிலும் உதவுகிறது. இவ்வளவும் இருப்பது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான் என் கவலை.

செய்ய வேண்டியது

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவு முடிந்தது. நம் வீடுகளில் உள்ள பல பழைய கணினிகள் விண்டோஸ் 11 ஐ ஏற்காது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு இற்றைப்படுத்தலில் 2026 ஒக்டோபர் வரை சேரலாம், அல்லது லினக்ஸுக்கு மாறலாம். படிப்புக்கும் கடிதத்துக்கும் இணையத்துக்கும் லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். கிராக் தேடும் தேவையும் அத்துடன் ஒழியும். ஒன்றும் செய்யாமல் விட்டால் வருங்காலத்தில் தொற்றுகள் கூடும்.

2005 இல் தொடங்கிய நெனசல அறிவகங்கள் கிராமங்களுக்குக் கணினியைக் கொண்டுவந்தன. அத்திட்டத்தின் மின்னூலகப் பணிக்கு 2014 இல் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதும் கிடைத்தது. கணினியை இயக்கப் பழக்கியதைப் போலவே அதைக் காக்கவும் பழக்க வேண்டியது அடுத்த கட்டம். இதற்குப் பெரிய செலவில்லை. மூதூர்ப் பிரதேசப் பாடசாலை ஒவ்வொன்றின் கணினி ஆய்வுகூடத்திலும் தூய விண்டோஸ் நிறுவி ஒன்றும், லினக்ஸ் மீட்புப் பென் ட்ரைவ் ஒன்றும், தமிழில் ஒரு பக்கச் செய்முறைத் தாளும் இருக்கட்டும். தகவல் தொழினுட்பம் படிக்கும் உயர்தர மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை ஊராரின் கணினிகளைப் பார்க்கட்டும். கொமியூனிகேஷன் கடைக்காரர்களையும் அழைத்து, வாடிக்கையாளரின் பென் ட்ரைவை முதலில் பரிசோதிக்கும் பழக்கத்தைக் கேட்டுக்கொள்ளலாம். கடைக் கணினி சுத்தமாக இருந்தால் பாதி ஊரின் கணினிகள் சுத்தமாக இருக்கும்.

ஆவணம், இயந்திரம், கணக்கு என்ற ஒழுங்கை ஒரு பிள்ளை ஒருமுறை செய்து பார்த்தால் மறக்காது. வீட்டில் ஒருவருக்கு அது தெரிந்திருந்தால், அடுத்த முறை வைரஸ் வரும்போது அந்தக் குடும்பம் ஒரு நாளை இழக்கலாம். ஓர் உறுதியையோ ஓர் ஆண்டுப் படிப்பையோ இழக்கத் தேவையில்லை.